சிறுநீர்க் குழாய் இன்றைக்கும் தேவையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயாளிக்குச் சிறுநீர் வடிவதற்காகச் சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போடும்போது காட்டும் அக்கறையை, அதை எடுப்பதில் காட்டுவதில்லை. அறுவை சிகிச்சைக்காகப் போட்ட குழாய், அவர் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் அப்படியே இருக்கும். 'இருக்கட்டும், பாத்ரூமுக்கு அலைய வேண்டாமே' என்று வீட்டாரும் விட்டுவிடுகிறோம். ஆனால், குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். கிருமிகள் குழாயின் சுவரில் பிசின் போலப் படலமாக ஒட்டிக்கொள்கின்றன; மருந்து அதற்குள் எளிதில் நுழையாது.

அப்புறம், குழாய் வழியே சிறுநீர் வடிந்து சேரும் அந்தப் பை. அது எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். வடிந்த சிறுநீர் திரும்ப உள்ளே போக அது போதும். பை தரையில் கிடப்பதும் தவறு.

குழாயைத் தாங்களாக மட்டும் யாரும் இழுத்துவிடக் கூடாது. உள்ளே நீர் நிரப்பிய சின்ன பலூன்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பலூனை வடிக்காமல் இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்து ரத்தம் வரும். நினைவு குழம்பிய முதியவர்கள் இப்படி இழுப்பதுண்டு; உடனிருப்பவர்கள் கண் வைத்திருக்க வேண்டும்.

சிலருக்கு நீண்ட நாள் குழாய் அவசியம், சரி. மற்றவர்களுக்கு, ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தினமும் 'இது இன்றைக்கும் வேண்டுமா' என்று பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அவர் மறந்தால் உடனிருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்