கோடையில் எங்கே போவது என்பதற்கு முன் எப்போது போவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிய நாள்முதல், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் மலைப்பாதைகளில் வாகனங்கள் எறும்பு வரிசைபோல் நிற்கும் படம் உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இவ்விரு மலைகளுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்கும் அளவுக்குத்தான் மனிதர் ஏற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பாஸ் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு குடும்பம் மே மாதம் முழுவதையும் மின்விசிறிக்குக் கீழே கைப்பேசியோடு கழித்துவிடுவதைப் பார்க்கும்போது, நான் குடியிருக்கும் தஞ்சை மண்ணை வைத்துச் சில சொற்கள் எழுதத் தோன்றுகிறது.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். ஒவ்வொரு மே மாதமும் வெளியூர்களிலிருந்து மூன்று பேரப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களை வெயிலில் வாட்டாமலும் வீட்டில் பூட்டாமலும் வைத்திருக்கப் பல ஆண்டுகள் பட்ட பாட்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மலையில் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். சமவெளியில் நேரத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் காலை பதினொரு மணிக்குக் கிளம்புகிறவனுக்குத் தஞ்சை மாவட்டத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவனுக்கோ ஒரு கோடை போதாது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் கோவில்களின் நடை நேரத்தைப் பாருங்கள். விடியலில் திறந்து, உச்சிக்காலம் முடிந்ததும் சாத்தி, மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறந்து, அர்த்தசாமம் வரை வைத்திருக்கிறார்கள். ஆகமக் காரணங்களைப் பெரியவர்கள் சொல்வார்கள். வெயில் நாட்டில் வாழ்ந்தவர்களின் அனுபவமும் அதில் கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோவிலுக்கே மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். நண்பகலில் பாதத்தைப் பொசுக்கிய கல்தளம் அப்போது ஆறத் தொடங்கியிருக்கும். 216 அடி உயர விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள்; நான் மறுத்துப் பேசுவதில்லை. 'நீயே போய்ப் பார்த்து வா' என்று சொல்லி அனுப்பினால், பிராகாரத்தில் நீண்டு கிடக்கும் நிழலின் மேலேயே நின்றுகொண்டு, 'தாத்தா, விழுதே!' என்று அவர்களே கூவுகிறார்கள். அடுத்து, விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கச் சொல்லை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று ஒரு போட்டி வைக்கலாம். சாய்ந்து விழும் காலை, மாலை வெயிலில்தான் வெட்டெழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே சுவர் வெறும் கல்லாகிவிடும். இந்தக் கோவிலின் சுவர்களில், ஆடல் பாடல் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையும் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னபோது, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கதவு எண் இருந்ததா என்று என் பேத்தி கேட்டாள். வகுப்பறையில் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

ஆனால், கோவில்களுக்கு இருக்கும் இந்த நேர அறிவு நம் கோட்டைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இல்லை. பெரும்பாலானவை காலை ஒன்பது அல்லது பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து, ஐந்தரைக்கு மூடப்படுகின்றன. அதாவது, கோடையில் மனிதர் வெளியே வரக்கூடாத நேரம் முழுவதும் திறந்திருந்து, வரக்கூடிய நேரத்தில் பூட்டிக்கொள்கின்றன. சென்ற ஆண்டு மே மாதம் பிள்ளைகளோடு ஒரு பழைய கோட்டைக்கு (எது என்பது இங்கே முக்கியமில்லை) மாலை ஐந்தே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சீட்டு கொடுப்பவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். 'மத்தியானமே வந்திருக்கலாமே, சார். கூட்டமே இல்லை' என்று காவலர் மிகுந்த அக்கறையோடு சொன்னார். கூட்டம் ஏன் இல்லை என்பதைப் பற்றி அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை.

நண்பகல் நேரத்தை வீணாக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தடித்த சுவர்களுக்குள்ளே செய்யத்தக்கவை உண்டு. தஞ்சை அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைவிட, மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த பழைய படங்கள்தான் பிள்ளைகளைக் கட்டிப்போடும்; வீடு திரும்பும் வழியெல்லாம் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்கு ஒதுக்கப்படும். எனக்கு ஆந்தை கிடைத்தது.

இதைவிடவும் நான் பரிந்துரைப்பது சுவாமிமலை. அங்குள்ள வார்ப்புக் கூடங்களில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு சென்றால், தெய்வத் திருமேனி முதலில் மெழுகில் உருவாவதையும், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவதையும் படிப்படியாகக் காணலாம். உலை மூட்டும் வேலையைக் கோடையில் அருகே நின்று பார்க்கப் பிள்ளைகளை விடக்கூடாது; மெழுகு வேலையும் இறுதிச் செதுக்கலுமே போதும். ஸ்தபதிகள் அளவு எடுக்கும் முறையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதையே மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று விகிதம் குறிக்கிறார்கள். என் மூத்த பேரன் வீட்டுக்கு வந்ததும் ஓலைக்குப் பதில் செய்தித்தாளைக் கிழித்துத் தம்பியை அளந்தான். (அது உங்கள் நாளிதழ்தான், மன்னிக்கவும்.)

கடற்கரைக்குப் போகிறவர்கள் வேளாங்கண்ணியோடு திரும்பிவிடாமல், இன்னும் தெற்கே வேதாரண்யம் வரை சென்று பார்க்கலாம். கோடைக்கென்றே உரிய காட்சி அங்கே இருக்கிறது. பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்றி உப்பாகப் பூத்திருக்க, விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் இறங்கி வாரிக் குவிக்கிறார்கள். நம்மை வீட்டுக்குள் விரட்டும் வெயில்தான் அவர்களுக்குப் படியளக்கிறது. அந்த வெயிலேறும் முன் அவர்களும் கரையேறப் பார்க்கிறார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்தே வந்து, அம்மாதம் 30ஆம் நாள் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளியில் நினைவுத் தூண் நிற்கிறது. அந்த நடை முழுவதும் சித்திரை வெயிலில் நடந்தது என்பதை, பேருந்தில் சன்னலோர இருக்கைக்குச் சண்டை போடும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் குறிப்பிடுவேன். பக்கத்திலுள்ள கோடியக்கரையில் பூநாரைகளை இப்போது எதிர்பார்க்க வேண்டாம். அவை குளிர்கால விருந்தாளிகள். ஆனால், வனத்துறை அனுமதிக்கும் பாதையில் அதிகாலையில் சென்றால் வெளிமான் கூட்டமும், மனிதர் கைவிட்டுக் காடேறிவிட்ட மட்டக்குதிரைகளும் கண்ணில் படும். திரும்பும் வழியில் பாலைப்பழம் விற்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் காட்டில் கோடையில் பழுக்கும் அந்தச் சிறு மஞ்சள் பழம் எந்தப் பழமுதிர்ச் சோலையிலும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாலைக் கடற்காற்றுக்குத் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும், கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோவிலையும், 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சிட்ட கதையையும் ஒரே தெருவில் நடந்தபடி பார்க்கலாம், சொல்லலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்தார்க்கு மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மீனவ ஊரில் ஒரு நினைவுச்சின்னம் ஏன் வந்தது என்ற கேள்வியே ஒரு மாலைப் பேச்சுக்குப் போதும். அந்தக் கடல் இன்று கடற்பசுவுக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட காப்பகத்தின் பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இரவுகளை மறந்துவிடுகிறோம். சித்திரை விசாகத்தை ஒட்டித் திருவையாற்றிலிருந்து புறப்படும் ஏழூர்ப் பல்லக்கு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் எனச் சுற்றி மீண்டும் திருவையாறு சேர்கிறது. ஊருக்கொரு பல்லக்காகக் கூடிக்கொண்டே வர, வழியெங்கும் நீர்மோரும் பானகமும் தந்து உபசரிக்கிறார்கள். நிறைவில் தேரடியில் பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும் காட்சிக்காகக் குழந்தைகள் தோள்களில் ஏறிக் காத்திருக்கின்றன. நடைப்பயணம், ஆற்றங்கரை, விருந்து, வேடிக்கை என்று இன்றைய சுற்றுலா நிறுவனங்கள் விலை போட்டு விற்பதையெல்லாம் நம் முன்னோர்கள் ஒரு திருவிழாவில் வைத்துவிட்டார்கள். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவும் இரவுக் கலைதான். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்களை, பெண் வேடமும் ஆண்களே தரித்து, விடிய விடிய ஆடுகிறார்கள். மொழி புரியாவிட்டாலும் இரணியன் மேடையேறும்போது எந்தக் குழந்தையும் தூங்குவதில்லை.

நீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவதே வழக்கம் என்பதால், மே மாதத்தில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். மாலையில் அதில் பட்டம் விடலாம், கபடி ஆடலாம். ஆனால், கொள்ளிடத்தில் ஆங்காங்கே தேங்கியிருக்கும் நீரை நம்பக்கூடாது. மணல் எடுத்த பள்ளங்களின் ஆழம் மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது; ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி உங்கள் நாளிதழிலும் வரத்தான் செய்கிறது. குளிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு, தெரிந்தவர் வயலில் உத்தரவு கேட்டுக்கொண்டு, பம்புசெட் தொட்டியில் பெரியவர் ஒருவர் துணையோடு ஒரு மணி நேரம் கிடைத்தால், எந்த நீர் விளையாட்டுப் பூங்காவும் அதற்கு ஈடாகாது. கரையேறியதும் நுங்கு.

அரசுக்கு என் கோரிக்கை சிறியது. சித்திரை, வைகாசி இரு மாதங்களுக்கு மட்டும் தொல்லியல் சின்னங்களையும் அருங்காட்சியகங்களையும் காலை 6.30 முதல் 11 வரையிலும், மாலை 3.30 முதல் 7.30 வரையிலும் திறந்து வைக்கலாம். கூட்டிப் பார்த்தால் எட்டரை மணி நேரம். ஒன்பது முதல் ஐந்தரை வரை திறந்தாலும் அதே எட்டரை மணி நேரம்தான். தொலைவிலிருந்து வரும் ஊழியர்கள் நடுவே வீட்டுக்குப் போய் வர முடியாது என்பது நியாயமான தடைதான். அதற்கு இரு பிரிவாக ஆள் அமர்த்த வேண்டியிருக்கும், மாலையில் விளக்குச் செலவும் வரும். எல்லா இடங்களிலும் முடியாவிட்டால் மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் ஒரு கோடைக்குச் செய்து பார்க்கலாம். அதோடு, ஏழூர் விழா, மெலட்டூர் நாடகம் போன்ற இரவுகளில் தஞ்சையிலிருந்து போய்த் திரும்ப இரண்டு பேருந்துகளாவது கூடுதலாக விட்டால், சொந்த வண்டி இல்லாத குடும்பங்களும் வருவார்கள்.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மலைப்பாதை நெரிசல் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பங்கை எடுத்து, ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் எந்த ஊரில் எந்தத் திருவிழா, எந்த ஊரில் கூத்து, முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று மாவட்ட வாரியாக வெளியிட்டால், வெட்டி எடுத்து வீட்டு நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டிவைக்க நான் தயாராக இருக்கிறேன். தஞ்சைப் பகுதிக்கான முதல் பட்டியலைத் தொகுத்துத் தர வேண்டுமானாலும் சொல்லியனுப்புங்கள். என் வீட்டுச் சிறு பட்டாளம் இப்போதே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்,
தஞ்சாவூர்.