மழைத்தோட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்டைவீட்டாருக்கு,

வணக்கம். நம் புளோக்குகளுக்கு நடுவே மழைத்தோட்டம் வேர் பிடித்துவிட்டது. பருவநிலை மாற மாற மழை ஒரேயடியாகக் கொட்டும் நாள்கள் கூடும். கால்வாய் ஒரே நேரத்தில் நிரம்பாதபடி தண்ணீரைச் சற்று பிடித்துவைத்து மெல்ல விடுவதுதான் மழைத்தோட்டம் என்னும் இந்தச் செடிக்குழியின் வேலை. நீர்நிலைகளைத் துடிப்பாகவும் அழகாகவும் தூய்மையாகவும் ஆக்கும் சிங்கப்பூரின் ஏபிசி நீர்நிலைத் திட்டம் 2006இல் தொடங்கிய பிறகு பீஷான் பூங்கா போன்ற பெரிய இடங்களில் பார்த்ததை நம் வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்.

கொட்டும் மழையில் குடையோடு இறங்கி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறித்துத் தந்த அக்கா, அண்ணன்மார்களுக்கு முதல் நன்றி. வரைபடம் சரிவை ஒரு பக்கம் காட்டும். நடைபாதை விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்திருந்தாலே தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடும். உங்கள் குறிப்புகளைப் பார்த்த பிறகே குழியைக் கார் நிறுத்துமிடத்தின் தாழ்ந்த மூலைக்கு மாற்றினோம்.

30 செ.மீ. குழி தோண்டி, ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்த மாணவர்களே, இது களிமண், தானாக வடியாது என்று காட்டியது உங்கள் அளவுகோல்தான்.

வெயிலில் தோண்டிய ஊழியர் தம்பிமார்களுக்குத் தனி நன்றி. அடியில் துளையிட்ட குழாயைச் சுற்றி 150 முதல் 200 மி.மீ. சரளை, அதன்மேல் 100 மி.மீ. பருமணல், அதற்கும் மேல் 400 மி.மீ.க்குக் குறையாமல் மணற்பாங்கான மண். சரளையைக் கழுவாமல் கொட்டினால் அதன் தூசே குழாயை அடைத்துவிடும். அடுக்குகளுக்கு இடையே துணி விரித்தால் நுண்மண் படிந்து தண்ணீர் மேலேயே நின்றுவிடும். மேல்மண்ணை மிதித்து இறுக்கினாலும் அதே கதிதான். அலுக்காமல் பலகை போட்டு அதன்மேல் நின்றே வேலை செய்தீர்கள்.

டெங்கி பயத்தைக் கூட்டத்தில் எழுப்பிய மூத்தோருக்கு நன்றி. நியாயமான பயம் அது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இங்கே 24 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 20 செ.மீ.க்கு மேல் ஏறும் தண்ணீர் உயர்த்திய வடிகால் வாய் வழியே போய்விடும்.

கறிவேப்பிலையும் துளசியும் கேட்ட அம்மாக்களே, அவற்றின் வேர் நீரில் அழுகும். கார் நிறுத்துமிடத்து நீரில் எண்ணெயும் கலந்து வரும். அதனால் சமையல் செடிகளை உயரமான தனிப் பாத்திக்கு மாற்றச் சம்மதித்தீர்கள். குழியில் வெட்டிவேரும் கல்வாழையும் நிற்கின்றன. தொழு உரத்தை அங்கே கொட்டாதீர்கள். சத்து கரைந்து நீர்த்தேக்கத்தில் பாசியாகும்.

தினமும் காலையில், குழிக்குள் தண்ணீர் நுழையும் வாயில் சேரும் சருகை அள்ளும் துப்புரவாளர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்ல! சருகு அடைத்தால் தண்ணீர் குழிக்குள் வராமலே சாலைக்குப் போய்விடும்.

பெருமழைக்கு மறுநாளும் தண்ணீர் நின்றால், படம் எடுத்து, மழை நின்ற நேரத்தையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

நன்றியுடன்,
தோட்டக் குழுவினர்