கப்பல் வேலைக்குக் கிளம்பும் முன் தூக்கக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பல் வேலை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நீச்சல் குளம், நாடக அரங்கு, கண்ணாடி லிஃப்ட் என்று படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவை பயணிகள் பக்கத்துச் சமாசாரம். குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் கேட்டரிங் முடித்துவிட்டுக் கப்பலேறத் துடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைக்கப்போவது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, இரண்டு பேரோ நான்கு பேரோ பகிர்ந்துகொள்ளும் கேபின். முதல் காண்ட்ராக்டைப் பாதியில் முறித்துக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்டால் அலை, சாப்பாடு, சூப்பர்வைசர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கொஞ்சம் கிளறினால் பல நேரம் தூக்கக் குறைவுதான் அடியில் கிடக்கும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கப்பல் பணியாளரின் ஓய்வுக்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா 2015இல் ஏற்றது. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளை எடுத்தாலும் 77 மணி நேர ஓய்வு. அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக்கூடாது. அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. தினமும் பத்து கிடைத்தால் போதுமே என்று நினைப்பவர்கள் பெருக்கிப் பார்க்க வேண்டும்: ஏழு நாளைக்கு 70தான் வரும், 77 வராது.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இது, சாப்பாட்டுக்கூடத்தில் எப்படி இடிக்கிறது என்று பார்ப்போம். ஒரு வெயிட்டரின் நாள்: காலை 6 முதல் 10 வரை டிபன், 11.30 முதல் 2.30 வரை மதியச் சாப்பாடு, மாலை 5.30 முதல் 10 வரை டின்னர். வேலை பதினொன்றரை மணி நேரம். இரவு ஓய்வு 8, மதிய ஓய்வு 3, ஆக 11. பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் மூன்றாவது துண்டு. அது கணக்கில் சேராது. வாரத்துக்குச் சரியாக 77. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

இப்போது இதில் ஒரு பயிற்சியை நுழைத்துப் பாருங்கள். பயணிகள் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரம் ஒருமுறை நடந்தாக வேண்டும். மதியம் 3 முதல் 4 வரை வைக்கிறார்கள் என்றால் வெயிட்டருக்கு 4 முதல் 5.30 வரை மட்டுமே மிச்சம்; அதற்கு முந்தைய அரை மணி தனித் துண்டாகிவிடும். 8ம் ஒன்றரையும் சேர்ந்து ஒன்பதரை. அன்றைக்கே விதி உடைந்துவிட்டது. விவரமான சூப்பர்வைசர் மறுநாள் காலை ஒரு மணி நேரம் தள்ளி ஏழு மணிக்கு வரச் சொல்வார். அப்போதும் வாரக் கணக்கில் அரை மணி உதைக்கும். அதை வேறொரு நாள் விட்டுக்கொடுக்க வேண்டும். விவரமில்லாதவர், கார்டைத் தேய்த்து ‘அவுட்’ போட்டுவிட்டு மேசையைத் துடைக்கச் சொல்வார். அங்கேதான் பையன்கள் ஏமாறுகிறார்கள். ஓய்வு நேரப் பதிவில் பணியாளரும் கையெழுத்திட வேண்டும், அதன் நகலும் அவர் கைக்கு வர வேண்டும் என்கிறது உடன்படிக்கை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் ஆய்வாளர் வந்து கேட்கும்போது முழித்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

உலகம் சுற்றும் நீண்ட பயணத்தில் இன்னொரு சங்கதி சேர்கிறது: கடிகாரம். கப்பல் மேற்கே போனால் சில நாளுக்கு ஒருமுறை இரவில் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். கூடுதல் தூக்கம், எல்லோருக்கும் கொண்டாட்டம். கிழக்கே போனால் ஒரு மணி நேரம் பறிபோகும். நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு அட்லாண்டிக்கைக் கடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு இரவு, ஐந்து மணி நேர வித்தியாசம். ஏழில் ஐந்து இரவு, பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவர் தூங்குவது ஏழு மணி நேரம்தான். அதோடு மதியத்து மூன்றைச் சேர்த்தால் சரியாகப் பத்து. டின்னர் அரை மணி இழுத்தாலும் விதி போச்சு. இதனால்தான் கிழக்கே போகும்போது சில கப்பல்களில் நள்ளிரவுக்குப் பதில் நண்பகலில் கடிகாரத்தைத் தள்ளுகிறார்கள். போதாக்குறைக்கு, தொடர்ந்து கடலிலேயே ஓடும் நாட்களில் பயணிகளுக்குப் போக இடமில்லை. மூன்று வேளையும் கூடம் நிரம்பி வழியும். கரையில் நிற்கும் நாளில் மதியம் கூட்டம் குறையும், கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போதும் ஒரு பகுதி ஆட்கள் அவசரத்துக்காகக் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பதால் எல்லோராலும் இறங்கிவிட முடியாது.

செல்போனை நம்பி அலாரம் வைப்பது புதிதாகச் சேர்ந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கரை நெருங்கியதும் போன் அந்த ஊர் டவரைப் பிடித்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பலோ தன் நேரத்தில்தான் ஓடும். ‘தானியங்கி நேரம்’ என்பதை அணைத்துவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டால் வேலைக்கும் தாமதமாகாது, கப்பலையும் தவறவிட வேண்டாம். வீட்டாருக்கும் ஒரு கணக்கு: கப்பல் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து மணி பின்னால் இருக்கும்போது, அங்கே இரவு 10 என்றால் நம் ஊரில் மறுநாள் காலை 8.30. சிட்னி பக்கம் பத்து மணி முன்னால் இருக்கும்போது அதே இரவு 10 மணி நமக்கு மாலை 5.30. இது தெரியாமல் பிள்ளை போனை எடுக்கவில்லை என்று அம்மாமார் கலங்குவதும், அசந்து தூங்குகிறவனை மணியடித்து எழுப்புவதும் நடக்கிறது.

கேபின் பற்றிச் சுருக்கமாக. கட்டிலின் உள்ளளவு குறைந்தது 198 சென்டிமீட்டருக்கு 80. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. மதியத் தூக்கத்துக்கு அது வசதி. கூட இருப்பவரின் ஷிஃப்ட் வேறாக இருந்தால் கட்டில் திரையும் காதடைப்பானும்தான் துணை. கெட்டில், இஸ்திரிப்பெட்டி கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்று எடுத்துவிடுவார்கள். வழுக்காத கறுப்பு ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே ஜோடியைத் தினமும் போட்டால் ஈரம் காயாமல் கால் புண்ணாகும். ஏத்தங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும் பெட்டி நிறைய வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து துறைமுகங்களில் உணவுப்பொருளுக்குக் கெடுபிடி அதிகம். மெஸ்ஸில் சோறு கிடைக்கும், நம் சம்பா அரிசிச் சோறு கிடைக்காது. அவ்வளவுதான். இன்னொன்று: கடற்கரையில் பிறந்தவனுக்குக் குமட்டாது என்று நம்ப வேண்டாம். வள்ளத்தின் துள்ளல் வேறு, கப்பலின் நீண்ட உருளல் வேறு. மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும்; வாந்தி வந்தபின் போட்டால் அது வயிற்றில் நிற்காது. சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதால் கப்பல் மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும்.

உடம்புக்கு முடியாததை மறைப்பது தூக்கக் குறைவைவிட ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் புகுந்தால் ஒரு கப்பலையே படுக்க வைத்துவிடும். பலரும் பூசிக்கொள்ளும் ஆல்கஹால் கிருமிநாசினி அதைச் சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில், உணவைத் தொடும் பணியாளருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அறிகுறி நின்றபின்னும் குறைந்தது 48 மணி நேரம் தனியே இருக்க வேண்டும். சம்பளம் போய்விடுமே என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. கப்பலில் நோய்வாய்ப்பட்டவருக்கு ஊதியமும் மருத்துவமும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது.

ஏஜென்டுகள் விஷயம். பாஸ்போர்ட், சி.டி.சி. எனும் கடலோடிப் பணிப் பதிவேடு, மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு நம்முடையது. வேலை வாங்கித் தருவதற்கென்று கடலோடியிடம் கட்டணம் வாங்குவது உடன்படிக்கைக்கு விரோதம். லட்சங்களில் விலை சொல்கிறவரிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். எனும் ஆள்சேர்ப்பு உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். சொன்னால் அதை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாவட்டத்தில் உள்ள கேட்டரிங் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாப்கினை அன்னப்பறவையாக மடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து, மேலே சொன்ன வெயிட்டரின் நாளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மதியம் 3 மணிக்கு வரும் பயிற்சியையும் கிழக்கே போகும் கடிகாரத்தையும் மாணவர்களையே சேர்க்கச் சொல்லி ஓய்வைக் கூட்ட வையுங்கள். வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனியிடம் சம்பளத்தோடு சேர்த்து, ஓய்வு நேரப் பதிவின் நகல் மாதாமாதம் கைக்கு வருமா என்றும் மாணவர்களே கேட்கட்டும்.

இப்படிக்கு,
பயணிகள் கப்பல் பணியாளர்கள் சிலர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.