அடுத்த விண்வெளிப் படத்தில் வெடிச் சத்தம் வேண்டாம்

தமிழில் விண்வெளிக் கதை எடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து கதை பேசுகிறவர்களுக்கும், ஒலி அமைப்பவர்களுக்கும்,

வணக்கம். போஸ்டரில் ஒரு விண்கலம் தெரிந்தாலே டிக்கெட் எடுத்துவிடும் ரகம் நான். படம் எப்படி இருந்தாலும் இடைவேளையில் எழுந்து போனதில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

காலத்தை வைத்து விளையாடும்போது நீங்கள் கெட்டிக்காரர்கள். 2021இல் ‘மாநாடு’ பார்க்க அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, அத்தை கொஞ்சமும் குழம்பவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு விதியை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே கதையைச் சுழற்றினீர்கள், அவ்வளவுதான் சூட்சுமம். விண்வெளி என்றதும் அந்த ஒழுங்கு எங்கே போய்விடுகிறது? காற்றே இல்லாத இடத்தில் குண்டு வெடித்து தியேட்டர் நாற்காலி அதிர்கிறது. தடுக்கக் காற்றுகூட இல்லாத இடத்தில் எஞ்சினை அணைத்ததும் கலம், பிரேக் போட்ட டவுன் பஸ் மாதிரி நின்றுவிடுகிறது. விதியைத் தூக்கி எறிகிற கையோடு நல்ல நல்ல காட்சிகளையும் எறிந்துவிடுகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒரு கணினி விளையாட்டு. ராக்கெட்டை நாமே கட்டி நாமே ஓட்ட வேண்டும். இரண்டு கலங்களை இணைக்க நான் முதன்முதலில் முயன்றபோது ராத்திரி ஒரு மணி இருக்கும். முன்னால் போகும் கலம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்து மூக்கைத் திருப்பி எஞ்சினை முடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அது விலகிப் போனது. இன்னும் முடுக்கினேன், இன்னும் விலகியது. கடைசியில் எரிபொருள் தீர்ந்து அனாதையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேகம் கூடினால் சுற்றுப்பாதை மேலே ஏறிவிடும், மேலே ஏறிய கலத்துக்கு ஒரு சுற்று முடிக்க நேரம் அதிகம் பிடிக்கும். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். 1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட்டும் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். தன்னை மேலே ஏற்றிவிட்டு, கழன்று தனியே சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை நெருங்கப் பார்த்து, முடியாமல் கைவிட்டார். துரத்துகிறவன் அவசரப்பட்டால் தோற்றுப்போவான்! எந்த ஸ்டன்ட் மாஸ்டர் இதைவிட நல்ல சேஸிங் தருவார்?

‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற ஆங்கில விண்வெளித் தொடரில் கப்பலின் தளங்கள் அடுக்குமாடி வீடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கீழேயிருந்து எஞ்சின் தள்ளுவதுதான் அவர்களுக்கு எடை. எஞ்சின் நின்றால் சாமானெல்லாம் மிதக்கும். 2018இல் மூன்று சீசனோடு சேனல் அதைக் கைவிட்டதும், ரசிகர்கள் பணம் சேர்த்து, விமானத்தில் பேனர் கட்டி, அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பறக்கவிட்டார்கள். அமேசானில் நான்காவது சீசனும் வந்தது, ஆறு வரை ஓடியது. ‘அறிவியல் சரியாக இருந்தால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள்’ என்று தயாரிப்பாளர் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

பட்ஜெட் இல்லை என்பீர்கள். சரி, நாமக்கல்லுக்கு பஸ் ஏறுங்கள். சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்தசைட் பாறை, நிலாவின் மேட்டுப் பகுதியில் இருக்கும் பாறையின் ஜாடை. அதை அரைத்துத்தான் சந்திரயான் லேண்டர்களைச் சோதித்துப் பார்க்க இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது. அந்த ஊரில் ஒரு கதை கிடைக்காதா?

அப்புறம், 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் தொடர்பு அறுந்து நிலாவில் விழுந்தது. நாசா வெளியிட்ட படங்களில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, சென்னைப் பொறியாளர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் தேடினார். முந்தைய படத்தில் இல்லாத ஒரு சின்னப் புள்ளி அவர் கண்ணில் பட்டது. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி, அது விக்ரமின் சிதறல்தான் என்று உறுதிசெய்தது. ஒரு மேஜை, ஒரு மனிதன், திரையில் சாம்பல் நிறப் புழுதி. செட்டுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

2023 ஆகஸ்ட் 23 மாலையை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டோம். சந்திரயான்-3 கலம் தானாக முடிவெடுத்து நிலாவில் இறங்குகிறது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் உட்பட அறையில் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் படமென்றால் நாயகன் கடைசி நொடியில் ஒரு பட்டனைத் தட்டியிருப்பார். அந்த நேரத்தில் அவர்கள் தட்டுவதற்கு பட்டன் எதுவும் இல்லை. அந்த முகங்களை மட்டும் பத்து நிமிடம் காட்டுங்கள், நான் இமைக்காமல் பார்க்கிறேன்.

ஒலி அமைப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கலம் வெடிக்கும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் மூச்சை மட்டும் விடுங்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ‘ஆபரேட்டர், சவுண்டு!’ என்று கத்தினால் கவலைப்படாதீர்கள். இடைவேளையில் அவருக்கு பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் நாள் முதல் காட்சி ரசிகன்