பாப்பாவுக்கு, எந்த ஊருன்னு நீ கேட்டதுக்கு

பாப்பா,

பெங்களூர விட்டு வந்து சொந்தமா பல் கிளினிக் போட எந்த ஊர் சரின்னு ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டப்ப "உங்க இஷ்டம்மா, எங்க வசதியோ அங்க போங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். அது பதில் இல்லன்னு எனக்கே தெரியும். ராத்திரி சாப்பிடும்போது உங்கம்மா கேட்டா, பொண்ணு இவ்ளோ பெரிய விஷயத்த நம்மள நம்பி கேக்குறா, இப்படியா சொல்றதுன்னு. அதான் உக்காந்து எழுதுறேன். போன்ல பேசுனா நடுவுல சின்னவன் வந்து போனைப் புடுங்கிடுவான், சொல்ல வந்தது பாதியில நின்னுடும்.

கோயம்புத்தூர், பாண்டி, கடலூர்னு மூணு ஊர் சொன்ன. மூணுலயும் வாடகை என்ன, ஸ்கூல் ஃபீஸ் என்னன்னு மாப்பிள்ளை எக்செல்ல போட்டு வெச்சிருக்காருன்ன. நல்லது, அது வேணும். ஆனா நான் 31 வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்துல மருந்துக்கடை வெச்சிருந்தவன். எந்த டாக்டரோட சீட்டு எப்பலேர்ந்து வருது, எப்ப நின்னு போகுதுன்னு கல்லாவுல உக்காந்தே பாத்துட்டு இருந்தேன். அதுல நான் புரிஞ்சுகிட்டது ஒண்ணுதான், ஊர் பெருசா சின்னதான்றத விட அந்த டாக்டர் ஒரே எடத்துல எத்தனை வருஷம் உக்காந்தாருன்றதுதான் கணக்கு.

நம்ம தெருவுலயே ஒரு பல் டாக்டர் வந்தாரு, நீ அப்ப ப்ளஸ் டூ. பேங்க் லோன்ல பெரிய கண்ணாடி, ஏசி, ரெண்டு சேரு, டிவின்னு போட்டாரு, ஆனா மாடியில. செட்டுப் பல்லு கட்ட வர்றவங்கள்லாம் அறுபது வயசுக்கு மேல, மூட்டு வலியோட எப்படி ஏறுவாங்க? கீழயே நின்னு என் கடைல "வேற யாராச்சும் பல் டாக்டர் இருக்காங்களா தம்பி"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. ஒன்றரை வருஷத்துல காலி பண்ணிட்டாரு, நல்ல கைராசிக்காரர், எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு. அதே சமயத்துல இன்னொரு அம்மா ஒரே ஒரு சேர் போட்டு கீழ்த்தளத்துல ஆரம்பிச்சாங்க, மொத ரெண்டு வருஷம் ஈ ஓட்டுனாங்க, மூணாவது வருஷம் நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு, அந்த குடும்பம் கல்யாணத்துல நாலு பேர்கிட்ட சொல்லுச்சு, இன்னிக்கும் அதே எடத்துலதான் இருக்காங்க, சாயந்திரம் போனா உக்கார எடம் கெடையாது.

பாண்டிய மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா உனக்கு அங்க ஆசைன்னு தெரியும். பசங்களுக்கு நல்லா இருக்கும், பீச் ரோடு சாயந்திரம் வண்டி இல்லாம நடக்கலாம், ஸ்கூல் நெறைய இருக்கு, எல்லாம் சரி. ஆனா அது டாக்டருங்க ஊரு. ஜிப்மர் இருக்கு, கோரிமேட்டுல அரசு பல் மருத்துவக் கல்லூரி, சுத்தி தனியார் மெடிக்கல் காலேஜ் எத்தனை. காலேஜ்ல கொறைஞ்ச காசுக்கு வேலை நடக்கும்போது, புதுசா வந்த உன்கிட்ட ரூட் கெனால் பண்ண ஏன் வரணும்னு ஜனங்க நெனப்பாங்க. உன் கூடப் படிச்சவங்க எத்தனை பேரு லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம்னு போர்டு மாட்டியிருக்காங்கன்னு நீயே எண்ணிப் பாரு. வேலைக்குப் போறதா இருந்தா பாண்டி சரி. சொந்தமா ஆரம்பிக்க பக்கத்துல ஆள் கம்மியா இருக்குற எடம்தான் வேணும்.

கடலூர் டவுன்ல 2011 சென்சஸ் கணக்குப்படி 1.73 லட்சம் பேர், பெரிய ஊர்னு சொல்ல முடியாது. ஆனா மாவட்டம் 26 லட்சம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, ஜி.எச். எல்லாம் இங்க இருக்குறதால பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைன்னு தெனம் ஜனங்க ஏதாவது வேலையா வந்துட்டுத்தான் இருக்கு, வந்த கையோட பல்லையும் காட்டிட்டுப் போகும். இங்க காசு எப்ப வரும் எப்ப வராதுன்னு ஒரு ஓட்டம் இருக்கு, அத நீ தெரிஞ்சுக்கணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு ஆளுங்க அப்ப வலியைப் பொறுத்துகிட்டு கெடப்பாங்க, கிராம்பு வெச்சுக்குவாங்க. அதே மாசத்துல பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வந்து அங்க கையில காசு பொரளும். மே மாசம் லீவுல பசங்களுக்கு கிளிப் போடக் கூட்டிட்டு வருவாங்க, தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை பல் க்ளீன் பண்ண வருவாங்க. மொத வருஷம் ஒரு மாசம் படுத்துச்சுன்னா பயந்துடாத, காலண்டரப் பாரு.

இன்னொண்ணு, இத நான் ரொம்ப யோசிச்சு சொல்றேன். இங்க ஹான்ஸ், வெத்தலை பொகையில போடுறவங்க அதிகம். வாய்ல வெள்ளைத் திட்டு இருக்கும், காரம் சாப்பிட்டா எரியுதுன்னு என் கடைல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கேட்டு வருவாங்க, நான் டாக்டரப் பாருங்கன்னு சொல்வேன், போக மாட்டாங்க. அதுல ஒருத்தர் ஒன்றரை வருஷம் கழிச்சு தாடை வீங்கி வந்தாரு. அப்புறம் வரவே இல்ல. அவர நான் இன்னும் மறக்கல பாப்பா. பல்லுக்குன்னு வர்ற ஆளு வாயத் தொறந்தா நாக்கு அடியையும் கன்னத்து உள்ளயும் பாத்து ஆரம்பத்துலயே சொல்ற ஆள் இந்த ஊருக்கு வேணும். நீ பாப்ப, எனக்குத் தெரியும்.

இப்ப கெட்டதையும் சொல்லணும். மழை. 2004 சுனாமி உனக்கு ஞாபகம் இருக்கும், 2011 டிசம்பர் 30 தானே புயல்ல நம்ம வேப்பமரம் சாஞ்சதும் தெரியும். 2015 வெள்ளத்தப்ப நீ ஊர்ல இல்ல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துலதான் கரை ஏறுச்சு, பாண்டியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல பேஞ்சுச்சு, புயல் போயிடுச்சுன்னு மூச்சு விட்டா, சாத்தனூர் டேம்ல வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தொறந்து விட்டாங்க, தென்பெண்ணை பொங்கி கடலூர் வடக்குப் பக்கம் பூரா தண்ணி. அதனால வீடோ கிளினிக்கோ பாக்குறப்ப, ஆத்துக்கு எவ்ளோ தூரம், 2015லயும் 2024லயும் அந்த தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு பக்கத்து பொட்டிக்கடைல கேக்கணும், புரோக்கர்கிட்ட கேக்கக் கூடாது. முதுநகருக்குத் தெற்க சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்க வேணாம், காத்து இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா ராத்திரியில கெமிக்கல் வாடை வரும், பெரியவளுக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கு.

உப்புக்காத்த மறந்துடாத. பல் சேருக்கு காத்து குடுக்குற கம்ப்ரஸர் பெங்களூர்ல பத்து வருஷம் ஓடுதுன்னா இங்க கடலோரம் அவ்ளோ நாள் நம்ப முடியாது, துரு புடிக்கும், கம்ப்ரஸர வெளியில தொறந்த எடத்துல வெக்காத. போர் தண்ணியும் பாதி எடத்துல உப்பு, சேர் லைனுக்கு ஆர்ஓ போட்டே ஆகணும், கருவியெல்லாம் கிருமி நீக்குற ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற ஊத்தாத. உனக்கு நான் சொல்லணுமான்னு தோணும், ஆனா தண்ணிய டெஸ்ட் பண்ணாம எடம் புடிச்சு வருத்தப்பட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

வாடகை பேசுறப்ப 11 மாச அக்ரிமெண்டுக்கு ஒத்துக்காத. பல் சேருக்கு தரைய ஒடைச்சு தண்ணி பைப், ஏர் பைப், கழிவு பைப் பதிக்கணும், ரெண்டாவது வருஷம் ஓனர் காலி பண்ணுன்னா அத்தனையும் தரைக்குள்ள போன காசு. அஞ்சு வருஷத்துக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணு. கீழ்த்தளம், வாசல்ல வண்டி நிறுத்த எடம், த்ரீ ஃபேஸ் கரண்டு, இது மூணும் இல்லாத எடம் எவ்ளோ மலிவா வந்தாலும் வேணாம்.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். நீ உன் டாக்டர் பதிவ கர்நாடகா கவுன்சிலுக்கு மாத்திட்ட, அதனால அங்க ஆட்சேபணை இல்லன்னு என்ஓசி வாங்கி தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்குத் திரும்ப மாத்தணும், பாண்டின்னா அதுக்குத் தனி கவுன்சில், தனி அரசாங்கம். இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான் தூரம், ஆனா எல்லாம் வேற. இங்க 1997 கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட்ஸ் சட்டத்துல ஜே.டி. ஆபீஸ்ல, அதான் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல பதியணும், எக்ஸ்ரே மெஷினுக்கு ஏ.இ.ஆர்.பி.ன்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கழிவுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். நான் அலையுறேன், எனக்கு அந்த ஆபீஸ்லாம் பழக்கம்.

கோயம்புத்தூரப் பத்தி நான் சொல்ல ஒரு தயக்கம் இருக்கு. அது மாப்பிள்ளை ஊரு. சம்பந்தி ரெண்டு பேரும் எங்கள விட வயசானவங்க, அவருக்கு ஸ்டென்ட் வேற வெச்சிருக்கு. நீங்க கடலூர் வந்தா எங்களுக்கு எவ்ளோ சந்தோஷமோ அவ்ளோ ஏக்கம் அவங்களுக்கு இருக்கும். உங்கம்மா இங்க மாடி ரூமுக்கு பெயின்ட் அடிக்கணும்னு ஆரம்பிச்சுட்டா, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். பெத்தவங்களுக்காக ஊரத் தேர்ந்தெடுத்தா ஒரு பக்கம் எப்பவும் கொறை இருந்துகிட்டே இருக்கும், அதனால எங்க ரெண்டு பேரையும் கணக்குல பின்னாடி தள்ளி வை. கோயம்புத்தூர்ல காலநிலை நல்லாருக்கும், சிறுவாணித் தண்ணி, அதெல்லாம் உண்மை, ஆனா கிளினிக் போட நல்ல ஏரியால எடம் புடிக்கவே உன் சேமிப்பு போயிடும்னு எனக்குத் தோணுது.

மாப்பிள்ளைக்கு மாசம் ரெண்டு தடவ பெங்களூர் ஆபீஸ் போகணும்ல. மைசூரு எக்ஸ்பிரஸ் இப்ப கடலூர் துறைமுகம் வரைக்கும் வருது, ஆனா திருச்சி, தஞ்சாவூர்னு சுத்திட்டு வருது. ராத்திரி பஸ்ஸு திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியா போனா காலைல எறங்கிடலாம். மாசம் ரெண்டு தடவ இப்படிப் போய்ட்டு வர முடியுமான்னு அவரத்தான் கேக்கணும், நானோ நீயோ முடிவு பண்ணக் கூடாது.

என் மனசுல இருக்குறது கடலூர்தான், மறைக்கல. செம்மண்டலம் இல்ல மஞ்சக்குப்பம், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடக்குற தூரம், ஏன்னா பல் டாக்டருக்கு சாயந்திரம் அஞ்சுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும்தான் கூட்டம், அந்த நேரத்துலதான் பசங்க வீட்ல இருக்கும். ஆனா ஒரே நாள்ல முடிவு பண்ண வேணாம். வர்ற நவம்பர் கடைசில பத்து நாள் லீவு போட்டு நாலு பேரும் வாங்க, வெயில் காலத்துல வந்து பீச்சப் பாத்துட்டுப் புடிச்சிருக்குன்னு சொல்றது பத்தாது, மழையில தண்ணி நிக்குற தெருவுல பசங்கள ஸ்கூல் கூட்டிட்டுப் போற நேரத்துக்கு ஒரு நடை நடந்து பாருங்க. அப்புறம் ஒரு ஆறு மாசம், வாரத்துல ரெண்டு நாள் இங்க யார் கிளினிக்லயாச்சும் கன்சல்டன்டா உக்காரு. நான் சொன்னேனே ஒரு சேர் அம்மா, அவங்ககிட்ட கேட்டுட்டேன், ரூட் கெனால் கேஸுக்கு ஆள் வேணும்னு அவங்களே தேடிட்டு இருக்காங்களாம். உன்கிட்ட கேக்காம கேட்டதுக்கு கோவிச்சுக்காத.

இத மாப்பிள்ளைக்கு முழுசா படிச்சுக் காட்டு, கோயம்புத்தூர் பத்தி எழுதுனதையும் சேத்து. பெரியவகிட்டயும் கேளு, பதினோரு வயசாச்சு, அவ ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டு வரணும், அவ என்ன சொல்றான்னு எனக்குத் தனியா எழுது.

அப்பா