1097: அன்றைக்கு யாரும் சொல்லாத எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் உங்கள் பத்திரிகையில் சிவப்பு ரிப்பன் படம் வரும், பேரணிச் செய்தி வரும். என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது 2019 சித்திரையில். அப்போது எங்கள் கண்ணில் ஒரு ரிப்பனும் படவில்லை. எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி லாரி ஓட்டுநர். விடாத காய்ச்சலுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். திரும்பி அறைக்குள் போனால், கட்டில் காலடியில் தொங்கிய அட்டையில் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. மாத்திரை கொடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்று கையை நீட்டினாள். எழுதிக் கொடுத்த மருந்தை நான்கு மாதம் வேறு ஊர் மெடிக்கலில் வாங்கினோம். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று பஸ் ஏறிப் போவேன். அந்த நான்கு மாதத்தில் என் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின.

அப்புறம் தம்பி மனைவி கர்ப்பமானாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் பரிசோதனையில் அவளுக்கும் இருப்பது தெரிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலோசகராக இருந்த பெண் முதலில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசினார். தம்பிக்கு மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள் என்றார். கடையில் என்றேன். "அக்கா, இது 2004-லிருந்து அரசாங்கத்தில் இலவசம். உங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் அந்த 2004 ஏப்ரலிலேயே இந்த மருந்தைக் கொடுக்க ஆரம்பித்த இடங்களில் ஒன்று. இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமியே தென்படாத அளவுக்கு அது அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகவும் அடுத்தவருக்குப் பரவாது. அந்தப் பரிசோதனையும், இந்த மருந்தைக் கொடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம்தான். சிகிச்சைக்குப் போக ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள எச்.ஐ.வி. உள்ளோர் குடும்பங்களை பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டையில் சேர்க்கச் சொல்லி மத்திய அரசு 2009-லேயே எழுதியிருக்கிறது.

தம்பி மனைவி மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை. குழந்தை பிறந்ததும் ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் குழந்தைக்கு இல்லை என்று உறுதியானது. இன்று என் மருமகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

உதவி இவ்வளவு இருந்தும் தம்பி இன்னும் பயந்துதான் வாழ்கிறான். மாத்திரை டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவான். லாரியில் போகும்போது குலுங்கிச் சத்தம் வந்து கிளீனர் கேட்டுவிடக் கூடாது என்று உள்ளே பஞ்சைத் திணித்து வைப்பான். நீங்கள் செய்தியில் 'உயிர்க்கொல்லி நோய்' என்று போடும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவான். தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நோயாளியின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை எதிலும் ஒதுக்கக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இந்தப் புகார்களை விசாரிக்க மாநிலத்துக்குக் குறைதீர்ப்பாளர் உண்டு, அவர் முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும். அவசர சிகிச்சை என்றால் 24 மணி நேரத்தில். தம்பி கட்டிலில் சிவப்பு மை அட்டை தொங்கியபோது இந்தச் சட்டம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தெரிந்திருந்தால் நான் அந்த அட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

எங்கள் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா 1998-ல், பெயரையே வெளியே சொல்ல முடியாத காலத்தில், மற்ற பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் போராடியதால்தான் இன்று இத்தனையும் கிடைக்கிறது. இந்த விவரம் பரிசோதனை முடிவு தெரிந்த அன்றைக்கே ஒருவர் கைக்கு வந்து சேர வேண்டாமா? தனியார் டாக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மருந்துச் சீட்டோடு 'நம்பிக்கை மையம், அரசு மருத்துவமனை' என்றும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தங்கம் விலையும் மேட்டூர் அணை நீர்மட்டமும் தினமும் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணையும் போடுங்கள். கட்டணமில்லாத எண் அது, கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பேப்பரை முதலில் எடுப்பது தம்பிதான், அணை நீர்மட்டம் பார்க்காமல் அவன் மடிக்க மாட்டான்.

(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)
ஓர் அக்கா,
நாமக்கல் மாவட்டம்.