அண்ணன் ரிப்போர்ட் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதமும் அண்ணனுடைய தொண்டைப் புற்று பயாப்ஸி ரிப்போர்ட் நகலும் செவ்வாய்க்கிழமை வந்தன. 'புவர்லி டிஃபரன்ஷியேட்டட்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாய். அதைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. "புவர் என்றால் எல்லாம் முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லைடா. செல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கான சொல் அது.

தொண்டையின் உள்தோல் செல்கள் அடியில் உருண்டையாகப் பிறந்து, மேலே வர வரத் தட்டையாகும். புற்றாக மாறிய பிறகும் சில செல்கள் பழைய வேலையை மறப்பதில்லை. கெரட்டின் (நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்) செய்து, வெங்காயச் சருகு சுற்றியதுபோல் இளஞ்சிவப்பு உருண்டைகளாக ஸ்லைடில் தெரியும். சில செல்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும், அதைத்தான் 'புவர்' என்று எழுதுகிறோம். உட்கரு பெரிதாக, கறுத்து, எங்கு பார்த்தாலும் பிரிந்துகொண்டிருக்கும். 1920-லேயே அமெரிக்காவில் பிராடர்ஸ் என்ற மருத்துவர் உதட்டுப் புற்றை இப்படி நான்கு படியாகப் பிரித்தார். மறதி கூடினால் பரவுவதும் கூடும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் ஒரே படி போட்ட இரண்டு பேர் இரண்டு விதமாகப் போவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அதனால் நான் கட்டியின் நடுவைவிட ஓரத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். செல்லும் செல்லும் கைகோத்து நிற்பதற்கு ஈ-கேடரின் என்றொரு புரதம் உண்டு. அது குறைந்தால் பிடி தளரும். செல் கதிர்போல நீண்டு, இரண்டு மூன்றாக, சில சமயம் தனியாகவே நழுவிப் போகும். ஒரு நரம்பைச் சுற்றி வளைத்திருந்தாலோ, நிணநீர்க் குழாய்க்குள் இருந்தாலோ எனக்குக் கவலை வரும். அங்கிருந்து அடுத்த இடம் கழுத்து நெறி, அதாவது கழுத்திலுள்ள நிணநீர்க் கணுதான். பொதுவாக, நெறியில் புற்று ஏறிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகும். நெறியின் உறையையும் கிழித்து வெளியே வந்திருந்தால் இன்னும் மோசம். அப்போது ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதோடு கீமோவும் சேர்ப்பார்கள்.

இடமும் முக்கியம். குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் குறைவு, குரலும் சீக்கிரமே கம்மிவிடும். அதனால் பரவும் முன்பே பிடித்துவிடலாம். அதற்குக் கீழே, உணவுக்குழாயின் வாசலில் வருவது கழுத்தில் கட்டி தெரியும்வரை பல சமயம் சத்தமே போடாது.

அண்ணனுக்கு வந்திருப்பது டான்சிலில். இங்கேதான் 'புவர்' என்ற சொல் ஏமாற்றும். டான்சிலிலும் நாக்கின் அடியிலும் சில புற்றுகள் எச்.பி.வி. வைரஸால் வருகின்றன. அந்த செல்கள் கெரட்டினே செய்யாது, பச்சைக் குழந்தைபோல் முதிராமல் இருக்கும். ஆனால் கரண்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். 2010-இல் வந்த பெரிய ஆய்வில், மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் உள்ளவர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. இந்த வித்தியாசத்தால்தான் இப்போது அவர்களுக்கு ஸ்டேஜ் கணக்கே தனி.

பல வருடம் முன்னால் இப்படியொரு டான்சில் ஸ்லைடுக்கு நானே 'புவர்' என்று எழுதி, மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து அந்த மனிதர் சர்க்கரை டெஸ்டுக்கு லேபில் வந்து நிற்கிறார்! அவருடைய சதைத் துணுக்கைப் பதித்து வைத்த பழைய மெழுகுக் கட்டியைத் தேடியெடுத்து, எச்.பி.வி.க்கு அடையாளமான பி16 புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடு முழுக்கப் பழுப்பு, அதாவது வைரஸால் வந்த புற்று. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை எனக்கு.

அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் தொண்டைப் புற்றில் பெரும்பங்கு புகையிலையால் வருவது, அவர் பீடியை விட்டதும் போன வருடம்தான். வைரஸ் இருந்தாலும் பீடி அந்தச் சாதகத்தைக் குறைத்துவிடும். ஆனாலும் பி16 பார்க்காமல் எதையும் முடிவு கட்டாதே. அவருடைய ரிப்போர்ட்டில் அது இல்லை.

இங்கே சின்னவளுக்குப் பெண் குழந்தை, மூன்றே கால் கிலோ. வீடே விழித்துக் கிடக்கிறது. அதற்காக வராமல் இருந்துவிடாதே. ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள். அப்புறம், பஸ்ஸில் வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிடாதே, மெழுகு இளகிவிடும். மடியிலேயே வைத்துக்கொண்டு வா.

உன் பழைய ஹாஸ்டல் அறைக்காரன்